ஸ்காட்லாந்தின் சிறு தீவுக்குப் பாய்மரப் படகில்: எந்தத் தீவு, எந்தப் படகு?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஸ்கை தீவுக்குத் தெற்கே, ரம், எக், மக், கன்னா என்று நான்கு தீவுகள் அருகருகே கிடக்கின்றன. ஸ்மால் ஐல்ஸ் என்பது அவற்றின் கூட்டுப் பெயர். நான்கிலும் ஆண்டு முழுவதும் மக்கள் குடியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒன்றாகக் கூட்டிவந்தால் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவுதான் மக்கள்தொகை. பிரிட்டனில் வாழும் தமிழ் நண்பர்களும், கோடையில் ஊரிலிருந்து வருகிறவர்களும், இந்தத் தீவுகளில் ஒன்றுக்குப் பாய்மரப் படகில் போய்த் தங்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "நான்கில் எது அழகு?" என்பதுதான். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எந்தப் படகில், யார் பொறுப்பில், எத்தனை நாள் அவகாசத்தோடு போகிறீர்கள் என்பது முதலில் முடிவாகட்டும். அதன் பிறகு தீவைக் காற்று முடிவு செய்துகொள்ளும்.

என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேப்டனோடு சேர்த்து வாடகைக்கு எடுத்த படகு, மே கடைசி அல்லது ஜூன் முதல் பாதி, முழுதாக ஒரு வாரம், இலக்கு கன்னா. காற்று இடம் கொடுக்காவிட்டால் எக் அல்லது ரம். இந்தத் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், பாய்மரப் படகு தேவையே இல்லாதவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். மாலெய்க் துறைமுகத்திலிருந்து கால்மேக் நிறுவனத்தின் 'லாக்னெவிஸ்' கப்பல் நான்கு தீவுகளுக்கும் போகிறது. கிளாஸ்கோவிலிருந்து மாலெய்க் வரை ரயிலிலேயே வந்துவிடலாம். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கப்பல் டிக்கெட்டின் விலை பாய்மரப் படகுச் செலவின் அருகில்கூட வராது. சுற்றுலா வருகிறவர்களின் கார்களை அந்தக் கப்பலில் ஏற்றுவதில்லை. தீவுச் சாலைகள் இன்றும் நடந்து போகக்கூடியவையாக இருப்பதற்கு அது ஒரு காரணம். சிறு குழந்தைகளோ, கடல் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களோ உடன் வருகிறார்கள், விடுமுறை இரண்டு மூன்று நாள்தான் என்றால், கப்பலில் போய்த் தீவில் ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். அதில் குறையேதும் இல்லை.

ஆனால் எல்லாத் தீவுக்கும் எல்லா நாளும் கப்பல் கிடையாது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் கரையில் சில மணி நேரம்தான் கிடைக்கும். அதுவும் நடுப்பகலில், கூட வந்த எல்லோரோடும் சேர்ந்து. தங்கலாம் என்றால் அறைகள் மிகச் சில. கோடைக்கான அறைகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். பாய்மரப் படகின் அருமை இங்கேதான் தெரிகிறது. கப்பல் திரும்பிப் போன பிறகும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் இரவு பத்து மணிக்கு மேல்தான் மறைகிறது. மறைந்த பிறகும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. கப்பல் போனதற்கும் இருள் வருவதற்கும் இடையிலுள்ள அந்த நீண்ட மாலையில்தான் தீவு தன் வேலையைப் பார்க்கத் தொடங்குகிறது. ஆடுகளை இடம் மாற்றுகிறார்கள், இறால் கூடுகளை ஏற்றிய படகு உள்ளே வருகிறது, கரையில் நிற்பவர் வந்த படகைப் பார்த்துக் கையசைக்கிறார், பேச்சு தொடங்குகிறது. இத்தனை செலவும் சிரமமும் எனக்கு அந்த மாலைக்காகத்தான். ரம் தீவின் மலைகள் மணிக்கணக்காக மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பாயின் கீழே உட்கார்ந்து பார்ப்பது இரண்டாவது காரணம்.

இனிப் படகு. படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் போவது ஒரு வழி. 'பேர்போட்' என்பார்கள். பிரிட்டனில் சொந்த உல்லாசத்துக்காகப் படகு ஓட்ட அரசு உரிமம் எதுவும் வேண்டியதில்லை என்பதைக் கேட்டுப் பலர் இந்த வழியில் இறங்கப் பார்க்கிறார்கள். உரிமம் இல்லாவிட்டாலும் வாடகைக்கு விடுகிறவர்கள் அனுபவச் சான்று கேட்பார்கள்: பொதுவாக ஆர்.ஒய்.ஏ. என்னும் பிரிட்டிஷ் படகோட்டிகள் அமைப்பின் 'டே ஸ்கிப்பர்' பயிற்சி, அதற்கு மேல் பொறுப்பேற்றுப் படகு ஓட்டிய நாட்களின் பதிவு. கிரேக்கத் தீவுகளில் ஓரிரு கோடைகள் படகோட்டிய அனுபவம் இங்கே போதாது. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. மாலெய்க்கிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மாலையில் ஐந்து மீட்டர் ஆழம் இருக்கிறது என்று நங்கூரம் போட்ட இடம் நள்ளிரவில் ஒரு மீட்டராகிவிடும். படகின் அடிக்கட்டைக்கே இரண்டு மீட்டரை ஒட்டி ஆழம் வேண்டும். ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது, நீரோட்டம் எந்தப் பக்கம், கழியின் (நிலத்துக்குள் நீளும் கடற்பகுதியின்) வாயில் பாறை எந்தக் கம்பத்துக்கு இடப்புறம் என்று தொடர்ந்து கணக்குப் போட்டபடியே இருக்க வேண்டும். மாலெய்க்குக்குத் தெற்கே உள்ள அரிசெய்க் கழிக்குள் நுழையும் வழியை வரைபடத்தில் ஒருமுறை பார்த்தாலே நான் சொல்வது விளங்கும்: பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய கால்வாய் அது.

இந்தக் கணக்குகளைக் கற்றுக்கொண்டுவிடலாம். நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. நண்பர்கள் சேர்ந்து எடுத்த படகில் பொறுப்பாளரும் நண்பர்தான். எல்லோரையும் விடுப்பு எடுக்க வைத்தவர், பணம் வாங்கிக் கட்டியவர், கன்னாவைக் காட்டுகிறேன் என்று சொன்னவர் அவரே. காற்று கூடிக்கொண்டே வரும்போது "திரும்புவோம்" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. அந்தச் சொல் அவர் வாயில் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வரும். குளிர்ந்த நீரில் அந்த ஒரு மணி நேரம் பெரிது. கோடையின் உச்சத்தில்கூட இந்தக் கடலின் வெப்பம் 13, 14 டிகிரிதான். மே மாதத்தில் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். உங்கள் குழுவில் இந்தக் கரையைத் தெரிந்த, தயங்காமல் திரும்பச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால் பேர்போட் மிக இனிய வழி. விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய நேரத்தில் கிளம்பலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் வேண்டாம்.

கேப்டனோடு படகை எடுப்பது இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கிறது. நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு படகு முழுவதும் உங்களுடையது. போகும் வழியையும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் கடைசிச் சொல் உங்கள் ஆசையோடு எந்தக் கட்டும் இல்லாத ஒருவரிடம் இருக்கும். அவர் வாழ்நாளில் பல முறை நங்கூரம் போட்ட இடத்தில்தான் உங்களுக்காகவும் போடுவார். பாயை ஏற்றவும், சுக்கான் பிடிக்கவும், கயிறு சுற்றவும் விரும்புகிறவர்களுக்குச் சொல்லியும் தருவார். செலவு பேர்போட்டைவிடக் கூடுதல்தான். கேப்டனுக்கு ஒரு படுக்கை போய்விடும், அவருடைய சாப்பாடும் உங்கள் கணக்கில் வரும். பணம் கட்டும் முன் இரண்டு தாள்களைக் கேட்டுப் பாருங்கள்: படகுக்கான வணிகப் பயன்பாட்டுப் பாதுகாப்புச் சான்று, கேப்டனின் தகுதிச் சான்றில் வணிக ஒப்புதல். சட்டப்படி இரண்டும் இருக்க வேண்டும். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் கேட்டவுடன் காட்டுவார்.

தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களுக்கு ஒரு படுக்கையை மட்டும் பதிவு செய்துகொள்ளும் பயணங்கள் இருக்கின்றன. பழைய மீன்பிடிக் கப்பல்களையும் மரபான பாய்க்கப்பல்களையும் புதுப்பித்து, மாலெய்க் பக்கமும் அதற்குத் தெற்கே ஓபன் என்னும் துறைமுக ஊர்ப் பக்கமும் ஓட்டுகிறார்கள். கப்பல் பெரிது, ஆட்டம் குறைவு, சமையல்காரர் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். கடலில் இறங்கிய பிறகு சொன்னால் கிடைப்பது ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். இதில் எனக்கு ஒரே மனத்தடை. இத்தகைய கப்பல்களில் பன்னிரண்டு பயணிகள் வரை ஏற்றலாம். இருபது பேர் அளவில் வாழும் ஒரு தீவில் பன்னிரண்டு பேர் ஒன்றாகக் கரையேறினால், தேடி வந்த அமைதியை நாமே கலைத்துவிடுகிறோம். எக், ரம் என்றால் அவ்வளவாகத் தெரியாது. கன்னாவிலும் மக்கிலும் தெரியும்.

நான்காவது வழியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை: பயிற்சி வகுப்பு. ஆர்.ஒய்.ஏ.யின் 'காம்ப்பிட்டென்ட் க்ரூ' ஐந்து நாள் பயிற்சியை இந்தக் கரையில் பல பள்ளிகள் படகிலேயே தங்க வைத்து நடத்துகின்றன. கடலில் விழுந்தவரை எடுக்கும் பயிற்சி, பாய் சுருக்குவது, முடிச்சுகள், ஒரு இரவுப் பயணம் என்று நாள் முழுவதும் வேலை இருக்கும். தீவைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கமென்றால் ஏமாந்து போவீர்கள். பயிற்சிக்கு எந்தக் கழி வசதியோ அங்கேதான் படகு நிற்கும். அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் கடலுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறவர்களோ முதல் ஆண்டுப் பணத்தை இதில்தான் போட வேண்டும்.

எங்கிருந்து கிளம்புவது என்பதிலும் கவனம் தேவை. வாடகைப் படகுகள் அதிகம் கிடைப்பது ஓபன் வட்டாரத்தில். அங்கிருந்து மல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான நீரிணை வழியே டோபர்மோரி வரை ஏறத்தாழ 25 கடல் மைல். அது காப்பான நீர். அடுத்து ஆர்ட்னமர்க்கன் முனையைச் சுற்ற வேண்டும். அட்லாண்டிக் அலை நேரே வந்து மோதும் முனை அது, ஒதுங்க இடமில்லை. அதைச் சுற்றி வந்த படகுகள் முகப்பில் ஒரு கொத்து ஹெதர் பூச்செடியைக் கட்டிக்கொண்டு திரும்பும் வழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. தென்மேற்குக் காற்று விடாமல் அடித்தால் டோபர்மோரியில் மூன்று நாள் உட்கார்ந்திருக்க நேரிடும். டோபர்மோரி நல்ல ஊர்தான், ஆனால் உங்கள் வாரம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஒரு வாரம்தான் கையில் இருக்கிறதென்றால் மாலெய்க், அரிசெய்க், ஸ்கையின் தென்கரை ஆகியவற்றில் ஒன்றிலிருந்து கிளம்பும் படகைத் தேடுங்கள். அரிசெய்க்கிலிருந்து எக் பத்துக் கடல் மைலுக்குள். மாலெய்க்கிலிருந்து ரம் தீவின் துறை ஏறத்தாழ 15 கடல் மைல். கன்னாவுக்கு இருபதைத் தாண்டும்.

மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடும் படகுக்கு இருபத்துச் சொச்சம் கடல் மைல் என்பது ஐந்து மணி நேரம். ஆனால் இந்தக் கரையில் அதிகம் வீசுவது தென்மேற்கும் மேற்கும். கன்னா இருப்பதும் மேற்கே. காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் பாய்மரம் போக முடியாது. சாய்ந்து சாய்ந்து இருபுறமும் மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். வழி ஒன்றரை மடங்காகிவிடும், அலையும் முகத்தில் அடிக்கும். எட்டு மணி நேரம் ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். போகிற வழியில் ரம் இருப்பது நல்ல வசதி. முதல் நாள் ரம், இரண்டாம் நாள் கன்னா என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் உடம்பு நோகாது. கடல் மயக்கத்துக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்; தலை சுற்றத் தொடங்கிய பிறகு அதனால் பயன் குறைவு.

காற்றுக்கும் தீவுக்கும் உள்ள கணக்கு இதுதான். கன்னாத் துறை கிழக்கே திறந்தது. மற்ற எல்லாப் பக்கமும் அடைப்பு. ரம் தீவின் ஸ்க்ரெசார்ட் கழியும் கிழக்கே திறந்ததுதான். தென்மேற்கு பலமாக அடிக்கும் நாளில் மலையிலிருந்து குத்துக்காற்று இறங்கிப் படகை உலுக்கும். எக் தீவின் கால்மிஸ்டேல் துறை தென்கிழக்கு மூலையில், ஒரு குட்டித் தீவின் மறைவில் இருக்கிறது. நீரோட்டம் அங்கே வேகம். மக் தீவின் போர்ட் மோர் தெற்கே திறந்தது, வாயிலில் பாறைகள். அதாவது, வழக்கமான தென்மேற்குக் காற்றில் நான்கிலும் நிம்மதியாகத் தூங்கக்கூடிய துறை கன்னா. மே மாதத்தில் நல்ல வெயிலோடு கிழக்குக் காற்று நாள்கணக்கில் நிலைத்துவிடுவதும் உண்டு. அப்போது கன்னாவும் ரம்மும் ஒன்றாகக் கைவிட்டுப் போகும். வானம் நீலமாக இருக்கும்போது கேப்டன் ஏன் மறுக்கிறார் என்று கேட்காதீர்கள். காரணம் இதுதான்.

இப்போது தீவுகள். கன்னா ஏழு கிலோமீட்டர் நீளம், அகலம் ஒன்றரையை ஒட்டி. பக்கத்திலேயே ஒட்டிக்கிடக்கும் சாண்டே என்ற சிறு தீவோடு பாலம் இணைக்கிறது. இரண்டுக்கும் நடுவே துறை. துறையின் அடியில் கெல்ப் என்னும் நாடாப் பாசி அடர்ந்து கிடப்பதால் நங்கூரம் பிடிக்காமல் வழுக்கும். வருகிற படகுகளுக்கென்றே தீவு மக்கள் கட்டுமிதவைகள் போட்டிருக்கிறார்கள். கட்டணம் கட்டி அதில் கட்டிக்கொள்வதே நல்லது. இரவும் நிம்மதி, பணமும் தீவுக்குப் போகிறது. இறங்குதுறைக்கு அருகே பாறைச் சுவரில், இங்கே ஒதுங்கிய படகுகளின் பெயர்கள் பல தலைமுறைகளாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஜான் லார்ன் கேம்ப்பெல் என்ற அறிஞர் 1938-இல் இந்தத் தீவை வாங்கினார். அவரும் மனைவி மார்கரெட் ஃபே ஷாவும் கேலிக் மொழிப் பாடல்களையும் கதைகளையும் இங்கே வாழ்ந்தபடியே சேகரித்தார்கள். 1981-இல் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். எலிகள் பெருகிக் கடற்பறவைகளின் முட்டைகளைத் தின்று தீர்த்ததால், 2005, 2006-இல் பெரும் முயற்சி செய்து தீவிலிருந்து எலிகளை முற்றாக ஒழித்தார்கள். சாண்டேயின் தென்கரையில் கடலிலிருந்து செங்குத்தாக நிற்கும் பாறைத் தூண்களில் பஃபின் பறவைகளைக் கோடையின் முற்பாதியில் பார்க்கலாம். கிழக்கு முனையில் காம்பஸ் ஹில் என்று ஒரு குன்று. அதன் பாறையிலுள்ள இரும்பு, அருகே போகும் படகுகளின் திசைகாட்டியைத் திருப்பிவிடும் என்பதால் வந்த பெயர்.

தீவின் கடையில் விற்பனையாளர் கிடையாது. பொருளை எடுத்து, ஏட்டில் எழுதி, பணத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். இரவில் ஒதுங்கும் மீனவர்களுக்காகக் கதவைப் பூட்டுவதில்லை. 2015-இல் அந்தக் கடையில் யாரோ புகுந்து இனிப்பு, காப்பித்தூள், கம்பளித் தொப்பி முதலியவற்றைத் திருடிக்கொண்டு போனபோது நாடெங்கும் செய்தியானது. அதற்கு முன் அந்தத் தீவில் திருட்டு என்று ஒன்று நடந்தது 1960-களில், தேவாலயத்திலிருந்து ஒரு மரத்தட்டு காணாமல் போனபோதுதான் என்று எழுதினார்கள். இரவில் வந்து விடியலில் கிளம்பிவிடக்கூடிய நம்மைப் போன்றவர்களை நம்பித்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது. கன்னாவை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும், மனிதர்களோடு பழக வேண்டும், ஒரு சிறு சமூகம் எப்படித் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறவர்களை நான் எக் தீவுக்கே அனுப்புவேன். நீண்ட காலம் தீவில் வாழாத உரிமையாளர்களின் கையில் மாறி மாறிப் போய், வீடுகள் இடிந்து, குத்தகை உறுதியில்லாமல் வாழ்ந்த அந்த மக்கள், நாடெங்கும் நிதி திரட்டி, 1997 ஜூன் 12 அன்று தீவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். விலை ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. ஊர் மக்கள், ஹைலேண்ட் கவுன்சில், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளை மூவரும் சேர்ந்த ஓர் அறக்கட்டளையின் பெயரில் தீவு இருக்கிறது. அப்போது அறுபத்துச் சொச்சம் பேர் இருந்த இடத்தில் இன்று நூறைத் தாண்டி இருக்கிறார்கள். சிறு தீவுகள் எல்லாம் ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கும் கடற்கரையில் இது சாதாரணச் செய்தியல்ல.

2008-இல் அவர்கள் தங்கள் மின்சாரத்தையும் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்: ஓடை நீர், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்தது. ஒரு வீட்டுக்கு எந்த நேரத்திலும் 5 கிலோவாட் வரைதான், தொழில் நடத்துகிறவர்களுக்கு 10. அந்த வரம்பை எல்லோரும் ஏற்றுக்கொண்டதால்தான் எல்லோருக்கும் நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்கிறது. துறை அருகே கடையும் சிற்றுண்டிச்சாலையும் இருக்கின்றன. தீவின் தெற்கே யானை முதுகைப் போல் எழுந்து நிற்கும் ஆன் ஸ்கூர் பாறை 393 மீட்டர் உயரம். ஒரு காலை நேரத்தில் ஏறி இறங்கலாம். மேற்குக் கரையில் காலடி பட்டால் கீச்சிடும் வெண்மணல் கடற்கரை இருக்கிறது. அங்கிருந்து நேர் எதிரே ரம் தீவின் மலைகள் தெரியும். இரவில் கால்மிஸ்டேலில் படகைப் போட்டுத் தூங்குவது மட்டும் கன்னாவைப் போல நிம்மதியாக இராது; நீரோட்டம் திரும்பும் போதெல்லாம் படகும் திரும்பும், கேப்டன் எழுந்து பார்ப்பார்.

ரம் நான்கில் மிகப் பெரியது. ஆஸ்கிவல் சிகரம் 812 மீட்டர். இதன் அமைதியை மட்டும் என்னால் முழு மனதோடு ரசிக்க முடிவதில்லை. 1826-இல் ஏறத்தாழ 300 பேரைக் கப்பலேற்றி அட்லாண்டிக்குக்கு அப்பால் அனுப்பிவிட்டு ஆடு மேய்க்க வெறுமையாக்கப்பட்ட தீவு இது. பிறகு ஒரு பணக்காரக் குடும்பத்தின் வேட்டைக்காடாகி, 1900-ஐ ஒட்டிக் கட்டிய கின்லாக் மாளிகை இன்று பழுதடைந்து நிற்கிறது. 1957 முதல் இயற்கைக் காப்பகம். நார்வேயிலிருந்து கொண்டுவந்த வெண்வால் கடற்கழுகுகளை 1975 முதல் விட்டது இங்கேதான். படகில் வருகிறவர்களுக்கு ரம் ஒரு தனிக் காட்சி வைத்திருக்கிறது. மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவையின் மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று இந்த மலைகளின் உச்சியில், வளைகளுக்குள் இருக்கிறது. அவை இருட்டிய பிறகுதான் கரையேறும். அதுவரை ஆயிரக்கணக்கில் கடலில் மிதந்து காத்திருக்கும். கோடை மாலையில் ரம்முக்கு வெளியே மெல்லப் பாய்விரித்துப் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் நடுவே போகக் கிடைக்கும். ஆனால் ஜூன் பிற்பாதிக்கு மேல் இங்கே மிட்ஜ் என்னும் பொடிக் கடி ஈக்கள் மொய்க்கும். காற்றில்லாத மாலையில் கரையில் நிற்கவே முடியாது. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டால் ஓரளவு தப்பலாம்.

மக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூன்று கிலோமீட்டர் நீளம், ஒரு சாலை, ஒரு பண்ணை, 1896 முதல் ஒரே குடும்பத்தின் பொறுப்பில். அமைதியான நாளில், தெற்குக் காற்று இல்லாதபோது, ஒரு பகல் நின்று நடந்துவிட்டு எக்குக்குத் திரும்புங்கள்.

எங்கே போனாலும் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். பாய்மரப் படகு தன் படுக்கையையும் அடுப்பையும் தானே கொண்டுபோகிறது. ஆகவே ஒரு காசும் செலவழிக்காமல் ஒரு தீவின் மாலை முழுவதையும் அனுபவித்துவிட்டுப் போய்விட முடியும். அப்படிச் செய்யாதீர்கள். மாலெய்க் கடையில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காமல் ரொட்டியையும் முட்டையையும் தீவில் வாங்குங்கள், ஒரு வேளையாவது கரையில் சாப்பிடுங்கள், மிதவைக் கட்டணத்தைத் தவறாமல் கட்டுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள். தீவில் போட்டால் அதையும் அந்த மக்கள்தான் கப்பலேற்ற வேண்டும்.

பருவம்: மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. மழை குறைவு, பகல் நீளம், கடி ஈ இன்னும் பெருகியிராது. ஜூலை, ஆகஸ்டில் கன்னாத் துறையில் மிதவை கிடைக்காமல் போகும். செப்டம்பரில் ஒளி அழகு, ஆனால் காற்று வலுக்கத் தொடங்கிவிடும்.

பதிவு செய்யும் முன் கேப்டனிடம் தொலைபேசியில் பேசுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை படுக்கை, சாப்பாடு யார் பொறுப்பு, லைஃப் ஜாக்கெட் குழந்தை அளவில் இருக்கிறதா என்பதெல்லாம் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேளுங்கள்: கன்னாவுக்குப் போகவே முடியாத வாரமாக அமைந்தால் எங்களை எங்கே கூட்டிப்போவீர்கள்? "எப்படியும் போய்விடலாம்" என்கிறவரை விட்டுவிடுங்கள். சாலையே போகாத இன்வெரி கிராமம், மலைகளுக்குள் நீளும் நெவிஸ் கழி, ஸ்கையின் கரும்பாறை மலைகளுக்கு அடியிலுள்ள ஸ்காவெய்க் கழி, அதுவும் முடியாவிட்டால் அரிசெய்க் என்று காற்றின் திசை சொல்லிச் சொல்லிப் பெயர்களை அடுக்குகிறவரிடம் முன்பணத்தைக் கட்டுங்கள்.